தமிழ் இருக்கும் வரியில் மட்டும் பிழைக்கோடு தள்ளிப் போகிறது, ஏன்?

புதுநிரலர்:
வணக்கம். ஒரு சின்ன கான்ஃபிக் மொழிக்கு விஎஸ் கோடு எக்ஸ்டென்ஷன் எழுதுகிறேன். லாங்குவேஜ் சர்வர் (ஃபைலைப் படித்து எடிட்டருக்குப் பிழைகளைச் சொல்லும் நிரல்) கோ மொழியில். ஆங்கிலம் மட்டும் உள்ள வரிகளில் சிவப்பு நெளிகோடு சரியான இடத்தில் விழுகிறது. பிழைக்கு முன்னால் அதே வரியில் "தமிழ்" என்று ஒரு ஸ்ட்ரிங் வந்தால், கோடு பத்து இடம் வலப்பக்கம் போய்விடுகிறது. ஃபான்ட் பிரச்சினையா?

அடைப்புக்குறி:
ஃபான்ட் இல்லை. அந்தப் பத்துதான் துப்பு. "தமிழ்" கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடுகள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. கோ மொழியில் ஸ்ட்ரிங்கின் இண்டெக்ஸ் பைட் கணக்கு; உங்கள் பார்சர் (ஃபைலைப் பிரித்துப் படிக்கும் பகுதி) அதை அப்படியே அனுப்புகிறது. எடிட்டர் எதிர்பார்ப்பதோ யூடிஎஃப்-16 அலகுகள் (ஒவ்வொன்றும் 2 பைட்). அதில் இந்தச் சொல் 5. மீதி 10 வலப்பக்கம் தள்ளுகிறது.

எடிட்டரும் சர்வரும் பேசிக்கொள்ளும் லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலில் இடத்தைச் சொல்லும் எண், வேறு ஏற்பாடு செய்துகொள்ளாதவரை, யூடிஎஃப்-16 கணக்கில்தான். ஜாவாஸ்கிரிப்ட் ஸ்ட்ரிங்கும் அப்படித்தான் எண்ணும்.

இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது வேறொன்று. டாக்குமெண்ட் மாற்றங்களை இன்கிரிமென்டலாக, அதாவது மாறிய பகுதியை மட்டும், வாங்குகிறீர்களா? அப்படியென்றால் எடிட்டர் அனுப்பும் இடமும் இதே கணக்கில்தான் வரும். "20ஆம் இடத்தில் ஒன்றை அழி" என்று வருவதை நீங்கள் 20ஆம் பைட் என்று எடுத்தால், ஒரு தமிழ் எழுத்தின் நடுவில் வெட்டுவீர்கள். அதன்பின் சர்வரிடம் இருக்கும் பிரதி வேறு, திரையில் இருப்பது வேறு. ஃபைலை மூடித் திறந்தால் காணாமல் போகும் பிழைகள் வருகின்றனவா?

இரவுப்பணி:
ரூன்களை (கோ மொழியில் ஒரு யூனிகோட் குறியீடு ஒரு ரூன்) எண்ணி அனுப்பினால் போதுமே. நான் அப்படித்தான் செய்கிறேன், தமிழுக்குச் சரியாக வருகிறது.

அடைப்புக்குறி:
வழக்கமான தமிழ் எழுத்துகளுக்குச் சரிவரும், அதனால்தான் இது ஆபத்து. ஓர் எமோஜி வந்தால் ரூன் 1, யூடிஎஃப்-16இல் பெரும்பாலும் 2. எமோஜி எங்கள் கோடில் வராது என்று சொல்லாதீர்கள். முந்திரி போன்ற பழைய தமிழ்ப் பின்னக் குறிகள் 2019இல் யூனிகோட் 12இல் சேர்ந்தன; அவையும் 65,535க்கு மேல் இருப்பதால் இரண்டு அலகுதான். ரூனின் மதிப்பு அதைத் தாண்டினால் 2, இல்லையென்றால் 1 என்று கூட்டுங்கள். ஒரே ஒரு நிபந்தனைதான் கூடுதல், அதை விட்டுவிட வேண்டாம்.

உள்ளே பார்சர், சிம்பல் டேபிள் எல்லாம் பைட் கணக்கிலேயே இருக்கட்டும். செய்தி உள்ளே வரும் இடம், வெளியே போகும் இடம், இந்த இரண்டில் மட்டும் மாற்றுங்கள். நடுவில் ஆங்காங்கே மாற்றினால் எந்த எண் எந்தக் கணக்கு என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

புதுநிரலர்:
ஆமாம், மூடித் திறந்தால் போகும் பிழைகள் நிறைய வந்தன! அது பார்சர் பிழை என்று தேடிக்கொண்டிருந்தேன். நியோவிம் எடிட்டரிலும் இதே சர்வர் ஓட வேண்டும். அங்கே யூடிஎஃப்-8 உண்டு என்கிறார்களே?

அடைப்புக்குறி:
உண்டு. புரோட்டோகாலின் 3.17 பதிப்பிலிருந்து, தொடக்கத்திலேயே எடிட்டர் தனக்குத் தெரிந்த கணக்குகளைச் சொல்லும். சர்வர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பதில் அனுப்பலாம். பட்டியலில் யூடிஎஃப்-8 இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றும் வேலையே மிச்சம். ஆனால் விஎஸ் கோடுக்கு யூடிஎஃப்-16தான், அந்த வழியைக் கழற்ற முடியாது.

முதலில் மாற்றங்களை முழு டாக்குமெண்டாக வாங்கும்படி சர்வரில் அமைத்து ஓட்டிப் பாருங்கள். பொய்ப் பிழைகள் நின்றால் இன்கிரிமென்டல் பக்கம்தான் கோளாறு என்று உறுதியாகிவிடும். அப்புறம் "தமிழ்", ஓர் எமோஜி, முந்திரிக் குறி மூன்றும் ஒரே வரியில் வரும்படி ஒரு டெஸ்ட் எழுதி, வரியின் கடைசியில் பிழையை வையுங்கள்.