புட்டோ குடும்ப நூல்: உருது, சிந்தி படிக்கத் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. பாகிஸ்தான் எழுத்தாளர் ஃபாத்திமா புட்டோ தன் குடும்பத்தைப் பற்றி 2010-இல் எழுதிய நூலுக்கு வாசிப்புக் குறிப்பு தயாரிக்கிறோம். தந்தை முர்தசா 1996 செப்டம்பர் 20 அன்று கராச்சியில், வீட்டருகே போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்தபோது ஃபாத்திமாவுக்கு வயது 14; அப்போது நாட்டின் பிரதமராக இருந்தவர் சொந்த அத்தை பெனசீர். எனவே நேரில் கண்டது, வீட்டார் சொன்னது, ஆவணத்தில் இருப்பது என்று தகவல்களை மூன்றாகப் பிரிக்கிறோம். கலந்துவிட்டால் ஒரு மகளின் துயரமே சாட்சியமாகிவிடும். அது அவருக்கே நியாயமில்லை. பெயர்க் குழப்பம் வேறு: ஃபாத்திமாவின் தாத்தா, தம்பி இருவருமே சுல்ஃபிகார் அலி. 1979-இல் தூக்கிலிடப்பட்ட முன்னாள் பிரதமர் தாத்தா.

தேவைப்படுவது, 1996 செப்டம்பர் 21 முதல் 25 வரையான உருது, சிந்தி நாளிதழ்களின் முதல் பக்கங்கள். முழுப் பக்கமாகப் படமெடுத்து அனுப்புங்கள். செய்தியை மட்டும் வெட்டினால் தேதியும் பதிப்பும் போய்விடும். மொழிபெயர்ப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.