பெர்செர்க் கட்ஸ்: வெறும் கோபக்காரன்தானா?

மழைக்காகம்:
பெர்செர்க் என்ற ஜப்பானியச் சித்திரக்கதையில் (மங்கா) முதல் இரண்டு தொகுதி முடித்துவிட்டேன். நாயகன் கட்ஸ் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறான், ஆள் உயர இரும்புப் பாளம் போன்ற வாளோடு வெட்டிக்கொண்டே போகிறான். இவனை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறீர்கள்?

பனையோலை:
அவசரப்படாதீர்கள். மூன்றாம் தொகுதியில் கதை பின்னோக்கிப் போகும். கூலிப்படையில் அடிபட்டு வளர்ந்த சிறுவன், கிரிஃபித் என்பவன் தலைமையிலான படை, அதில் உடன் போரிடும் காஸ்கா என்ற பெண்ணைத் தப்பவிட்டு நூறு பேரைத் தனியாளாக எதிர்த்த இரவு, இதெல்லாம் வந்த பிறகுதான் அந்த எரிச்சல் எங்கிருந்து வருகிறதென்று புரியும். இடது கை எப்படிப் போனது? சொல்ல மாட்டேன், நீங்களே படியுங்கள்.

அரைத்தூக்கம்:
எனக்குப் பிடித்தது பின்னால் கட்ஸ் அணியும் அந்தப் பெர்செர்க்கர் கவசம்தான். போட்டால் வலி தெரியாது, உடைந்த எலும்பையே முள்ளால் குத்தி நிறுத்திவிடும், ஆனால் நண்பன் யார் எதிரி யார் என்பதும் மறந்துபோகும். பேய்களோடு போடும் சண்டையைவிட அவன் தன்னை அடக்கப் படும் பாடுதான் பயமாக இருக்கும்.

மழைக்காகம்:
சரி, தொடர்கிறேன். இதை எழுதி வரைந்த மியுரா 2021-ல் இறந்துவிட்டாரே, கதை பாதியில் நிற்கிறதா?

பனையோலை:
இல்லை. மியுராவின் நண்பர் கோஜி மோரி மேற்பார்வையில், மியுராவின் உதவியாளர்கள் இருக்கும் ஸ்டுடியோ காகா 2022 முதல் வரைகிறது. முடிவு என்னவென்று மியுரா முன்பே மோரியிடம் சொல்லியிருந்தாராம்.