எல்லா மாறிக்கும் பூஜ்யம் போட்டுவிடலாமா?

வடிகட்டி:
யுடிபி (இணைப்பு ஏற்படுத்தாமலேயே பாக்கெட் அனுப்பும் வலைப்பின்னல் முறை) சோதனைக்காக நானே சி மொழியில் எழுதிய சிறு நிரல். நான்கு ஆண்டுகளாக ஜிசிசி என்ற கம்பைலரில் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி), எச்சரிக்கைகளை இயக்காமலேயே ஓட்டிவந்தேன் (சோம்பல்தான்). போன வாரம் க்ளாங் என்ற இன்னொரு கம்பைலருக்கு மாறி எச்சரிக்கைகளையும் இயக்கினேன். தொடக்க மதிப்பு இல்லாத மாறி (மதிப்பை வைத்திருக்கும் பெயர்) என்று மூன்று இடங்களைக் காட்டுகிறது.

முதல் இரண்டும் ஒரே மாதிரி ஸ்விட்ச் (மதிப்பைப் பார்த்து வழி பிரிக்கும் கட்டளை). இணைய முகவரி வகை ஐபிவி4 என்றால் முகவரி நீளம் 16 பைட், ஐபிவி6 என்றால் 28. வேறு எது வந்தாலும் எரர்() செய்தியை அச்சிட்டு 1 என்ற குறியோடு வெளியேறிவிடும். பிறகு மதிப்பில்லாத நீளம், சாக்கெட்டை (நிரலின் வலைப்பின்னல் முனை) முகவரியோடு இணைக்கும் பைண்ட்() வரை எப்படிப் போகும்? மூன்றாவது, பாக்கெட்டுக்காகக் காத்திருக்கும் நேரம். பக்கத்து இருக்கைக்காரர், "மூன்றுக்கும் பூஜ்யம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்" என்கிறார். எனக்குக் கை வரவில்லை.

மைக்கூடு:
போட்டுவிடுங்கள். சோதனை நிரல்தானே, வாடிக்கையாளருக்கா போகிறது?

கயிற்றுக்கட்டில்:
எரர்() கட்டாயம் வெளியேறும் என்று கம்பைலருக்கு யார் சொன்னது? அடைப்புக்குறிக்குள் முதல் மதிப்பாக 0 கொடுத்தால் அது செய்தியை அச்சிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடும். எக்ஸிட்() திரும்பாது, அது கம்பைலருக்கும் தெரியும். எரர்()-க்கு அடுத்த வரியில் எக்ஸிட்(1) எழுதுங்கள். நீள மாறிக்குப் பூஜ்யம் போட்டால், நாளை யாராவது மூன்றாவது முகவரி வகையைச் சேர்த்து நீளத்தை மறக்கும்போது கம்பைலர் வாயே திறக்காது.

நான் பட்டது வேறு. பாக்கெட்டைப் பெறும் ரெசீவ்ஃப்ரம்() கேட்கும் முகவரி நீளம் இருவழிப் பாதை: நாம் இடத்தின் அளவைச் சொல்ல வேண்டும், கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) உண்மை நீளத்தைத் திருப்பி எழுதும். அளவைச் சொல்ல மறந்துவிட்டேன். மாறியின் நினைவக முகவரியைத்தானே கொடுக்கிறோம், க்ளாங் கண்டுகொள்ளவில்லை. மாறியில் ஏற்கெனவே கிடந்த குப்பை மதிப்பு பெரிதாக இருந்தவரை ஓடியது. சிறிதானபோது அனுப்பியவர் முகவரி பாதியில் வெட்டுப்பட்டது. இரண்டு நாள் கேபிளை மாற்றி மாற்றிச் செருகினேன். கடைசியில் நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் காட்டிக்கொடுத்தது. அங்கே பூஜ்யம் போட்டிருந்தால் இன்னும் மோசம்: பாக்கெட் வரும், முகவரி ஒரு பைட்கூட வராது, பிழைச் செய்தியும் வராது.

அந்த மூன்றாவதை விரித்துச் சொல்லுங்கள்.

வடிகட்டி:
எக்ஸிட் சேர்த்ததும் இரண்டு போயின. மூன்றாவது உண்மையான பிழைதான் ஐயா. கட்டளையில் விநாடி கொடுத்தால்தான் அந்த மாறிக்கு மதிப்பு; இல்லையென்றால் குப்பை நேராகச் சாக்கெட்டுக்குப் போகிறது. சில இரவுகளில் சோதனை விடியும்வரை அசையாமல் நின்றது இதனால்தான் போலிருக்கிறது. கையேட்டைப் புரட்டினேன்: அந்த இடத்தில் பூஜ்யம் என்றால் காலக்கெடுவே இல்லை என்று பொருளாம்! 2 விநாடி போட்டிருக்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்.