குரோக் பார்க் மைதானத்தில் நடக்கும் கேலிக் கால்பந்து இறுதிப் போட்டிக்கு டிக்கெட் எப்படி வாங்குவது?

டப்ளினில் இருக்கும் நம்மவர்கள் யாராவது கேலிக் கால்பந்து (அயர்லாந்தின் சொந்த ஆட்டம்) பார்க்கிறீர்களா? ஒரு உதவி வேண்டும். அரையிறுதிக்கு ஆன்லைனிலேயே டிக்கெட் கிடைத்துவிடுகிறது. ஆனால் ஆல் அயர்லாந்து (கவுன்ட்டி, அதாவது மாவட்ட அணிகள் மோதும் சாம்பியன்ஷிப்) இறுதி என்றால் பெரும்பாலும் கவுன்ட்டி வாரியம், ஊர் கிளப் வழியாகத்தான் போகிறது, எந்தக் கிளப்பிலும் இல்லாத நம்மைப் போன்றவர்கள் என்னதான் செய்வது? இப்போது சேர்ந்தால் அடுத்த வருடமே கிடைக்குமா, இல்லை, பழைய உறுப்பினர்களுக்குப் போக மிச்சம்தானா?

அப்புறம் இன்னொன்று. 2025 இறுதியில் கெர்ரி 1-26 (ஒரு கோல், 26 புள்ளி), டொனிகால் 0-19, அதாவது கோலுக்கு 3 புள்ளி சேர்த்தால் 29க்கு 19. முதல் பாதியின் கடைசிக் கணத்தில் கோலுக்கு எதிரே வரைந்த 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து கெர்ரியின் டேவிட் கிளிஃபர்ட் அடித்தாரே ஒரு இரண்டு புள்ளி, ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது என்பது என் கட்சி. அலுவலகத்தில் ஒரு டொனிகால்காரர் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார் (மனிதர் இன்னும் ஆறவில்லை, பாவம்). அரையிறுதியில் மீத் அணியை 3-26 என்று நொறுக்கிய டொனிகால், கிளிஃபர்டை ஒட்டிக்கொண்டே ஓட ஒரு ஆளைப் போடாமல் ஏன் இடம் பிரித்துக் காவல் நின்றது? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள், திங்கட்கிழமை அவரிடம் வாய் கொடுக்க வேண்டியிருக்கிறது.