புதுப்பிப்பு: சித்தப்பா வீட்டு வாடகை ஒப்பந்தம் பதிவாகிவிட்டது

"11 மாத ஒப்பந்தம்தானே, பதிவு எதற்கு?" என்று வீட்டை வாடகைக்கு விடும் சித்தப்பா அடம்பிடித்ததை முன்பு எழுதியிருந்தேன். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், 11 மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு வேண்டாம் என்ற சலுகை கிடையாது. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.

அவரை மசிய வைத்தது வேறொரு பிரிவு. காலம் முடிந்தும் காலி செய்யாதவர் முதல் 2 மாதம் இரட்டை வாடகையும், அதற்குப் பிறகு நான்கு மடங்கும் தர வேண்டும். அதைக் கேட்டதும் பதிவுக்கு ஆதாரை எடுத்துவந்துவிட்டார்!

அட்வான்ஸ்தான் இழுத்தது. சட்டம் சொல்வது 3 மாத வாடகை. ஆனால் இருவரும் ஒத்துக்கொண்டு வேறாக எழுதிக்கொள்ளலாம். சென்னை வழக்கப்படி 10 மாத வாடகை கேட்ட சித்தப்பா, 5 மாதத்துக்கு இறங்கினார். எனக்கு அதுவே அதிகம். சரி, குடிவருபவர் சம்மதித்துவிட்டார்.