1 டன் அவுட்டோருக்கு 1.5 டன் இன்டோர் மாட்டலாமா?

மன்னைக்காரன்:
மன்னார்குடி பக்கம் கிராமம். மாடியில் 12க்கு 14 அறை, மேலே மொட்டைமாடி, மேற்குச் சுவர் முழுக்க வெயில். இருப்பது 1 டன் ஸ்ப்ளிட் ஏசி, கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் இல்லாத பழைய மாடல். இன்டோர் காயிலில் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருளில்) ஓட்டை, போன வருடம் பற்றவைத்தும் மறுபடி கேஸ் இறங்கிவிட்டது. மெக்கானிக் அண்ணன் தன்னிடம் வேறு கம்பெனி 1.5 டன் இன்டோர் சும்மா கிடக்கிறது, அதை மாட்டினால் காற்றும் குளிரும் கூடும், அவுட்டோர் அப்படியே இருக்கட்டும் என்கிறார். அப்பாவுக்கு மூச்சிரைப்பு உண்டு, ஐப்பசி கார்த்திகையில் அறை புழுங்கினால் தூங்கவே மாட்டார். செய்யலாமா?

குடமுருட்டி:
ஏசி வேலைதான் என் பிழைப்பு, நேராகவே சொல்கிறேன். மாட்டலாம், ஓடவும் ஓடும். பழைய மாடலில் இன்டோர் போர்டு கம்ப்ரசருக்குக் கரண்ட் கொடுக்கும், நிறுத்தும், அவ்வளவுதான். அதனால் எதோடு எதை மாட்டினாலும் சேர்ந்துவிட்டது போலத் தெரியும். (இன்வெர்ட்டரில் இந்த வித்தை நடக்காது, இரண்டு போர்டும் ஒன்றோடொன்று பேச வேண்டும்.) ஆனால் உங்கள் கம்ப்ரசர் 1 டன், அதாவது மணிக்கு 12,000 பிடியு (வெப்ப அளவு) வெளியேற்றும், காயிலைப் பெரிதாக்கினால் அது 18,000 ஆகிவிடாது. பெரிய காயில், அதிகக் காற்று, அதே கேஸ் என்றால் காயில் முன்பு போல் சில்லென்று ஆகாது, அப்புறம் ஈரமும் அதில் சரியாகப் படியாது. ஏசி நன்றாக ஓடிய நாளில் டிரெயின் பைப்புக்கு அடியில் வைத்த வாளியில் விடிகாலை எவ்வளவு தண்ணீர் நிற்கும், பார்த்திருப்பீர்களே? அது குறையும். குறைந்த தண்ணீர் அறைக்குள்தான் இருக்கும். சுற்றிலும் சம்பா வயலில் தண்ணீர் கட்டி நிற்கிற ஊரில் அப்பாவுக்குப் புழுக்கம்தான் மிஞ்சும்.

கேஸ் எது என்றும் கேளுங்கள். ஆர்22க்குச் செய்த காயிலை ஆர்32 அவுட்டோரில் மாட்டினால் அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல் போகும், தாங்காது.

திருவாரூர் அக்கா:
பெரிதாகப் போட்டு நான் பட்டது போதும் தம்பி. கடைக்காரர் பேச்சைக் கேட்டு 10க்கு 12 அறைக்கு 2 டன் வாங்கினோம். ஐந்து நிமிடத்தில் குளிர்ந்து கட் ஆகிவிடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடும். குளிர் இருக்கும், படுக்கை விரிப்பு மட்டும் நசநசவென்று இருக்கும், பீரோவில் பட்டுப்புடவைக்குப் பூஞ்சை வாடை வந்துவிட்டது. இப்போது 1 டன் இன்வெர்ட்டர், மெதுவாக விடிய விடிய ஓடுகிறது, அந்தத் தொல்லை இல்லை.

ஜெர்சியில் ஒரு கும்பகோணம்:
இங்கே அமெரிக்காவில் வீட்டு ஹீட் பம்புக்கும் (குளிரும் சூடும் இரண்டும் தரும் ஏசி) இதே சண்டைதான். உள்ளே இருப்பதை ஏர் ஹேண்ட்லர் என்பார்கள். அதையும் வெளி யூனிட்டையும் ஜோடியாகச் சோதித்து ஏ.எச்.ஆர்.ஐ. (ஏசி தயாரிப்பாளர் சங்கம்) சான்று தருகிறார்கள், அந்த ஜோடி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் நல்ல காண்ட்ராக்டர் கை வைப்பார். காற்று டன்னுக்கு நிமிடத்துக்கு 400 கன அடி என்பது பொதுக் கணக்கு, ஈரமான ஊரில் 350க்கு இறக்குவார்கள். உங்கள் மெக்கானிக் அதற்கு நேர் எதிராகக் கூட்டப் பார்க்கிறார்!

மன்னைக்காரன்:
சரி, அந்த இன்டோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சித்திரையில் 1 டன் திணறுவது மட்டும் உண்மை, அதற்கு என்ன செய்ய?

குடமுருட்டி:
மொட்டைமாடியும் மேற்குச் சுவரும் இருக்கிற 168 சதுர அடிக்கு 1.5 டன் சரிதான், ஆனால் இன்வெர்ட்டர் செட்டாக, உள்ளும் வெளியும் ஒன்றாக வாங்குங்கள். மழை நாளில் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பணம் இப்போது இல்லையென்றால் அதே மாடல் 1 டன் காயில் மட்டும் தேடி மாட்டி, தளத்துக்கு மேல் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் ஒட்டுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அறைக்குள் ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று கைக்கே தெரியும்.