பாவுக்கு அடியில் ஒரு விளக்கு: வீட்டில் செய்த எல்.இ.டி. விளக்குகள் பற்றி மூன்று உறுப்பினர்களின் அனுபவங்கள்

சென்னிமலை உறுப்பினர்

என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) சென்னிமலையில் இன்றும் கைத்தறியில் போர்வை நெய்கிறார். இழை அறுந்தால் அதன் நுனியைத் தேடிப் பிடித்து, முடிச்சிட்டு, இழையை ஏற்றி இறக்கும் விழுதின் உரிய கண்ணிலும், சீப்பு போன்ற அச்சின் பல்லிலும் திரும்பக் கோத்தாக வேண்டும். வெளிர் நிறப் பாவு (தறியில் நீளவாட்டில் கட்டியிருக்கும் நூல்கள்) என்றால் அவருக்கு இது பெரிய வேலையே இல்லை. கருநீலமோ கறுப்போ தறியில் ஏறிவிட்டால்தான் சிரமம். குனிந்ததும் மேலே இருக்கும் டியூப் லைட்டின் வெளிச்சத்தை அவர் தலையே மறைத்துவிட, ஒரே ஓர் இழைக்காக நெடுநேரம் தடவிக்கொண்டிருப்பார். அதற்காகவே ஒரு சிறு விளக்கு செய்துகொடுத்தேன்.

வேண்டிய பொருள்கள் எல்லாம் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைப்பவைதாம்: 5 மில்லிமீட்டர் வெள்ளை எல்.இ.டி. ஒன்று, சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் செல் மூன்று, அவற்றை வைக்க ஸ்விட்ச்சுடன் கூடிய பெட்டி, மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் 100 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்று, கொஞ்சம் ஒயர். இவற்றுள் பலரும் தேவையில்லை என்று விட்டுவிடுவது ரெசிஸ்டரைத்தான். வெள்ளை எல்.இ.டி. நன்றாக எரிய 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் இருந்தால் போதும்; அந்த அளவைத் தாண்டி மின்னழுத்தம் கொஞ்சம் கூடினாலும் அதனுள் ஓடும் மின்னோட்டம் மளமளவென்று ஏறிவிடும். இந்த வகை எல்.இ.டி. பொதுவாகத் தாங்குவது 20 மில்லி ஆம்பியர். மூன்று புதிய செல்கள் சேர்ந்து 4.5 வோல்ட் தருகின்றன. அதில் ஏறக்குறைய 3.2 வோல்ட்டை எல்.இ.டி. எடுத்துக்கொண்டதுபோக மிஞ்சும் 1.3 வோல்ட் 100 ஓம் ரெசிஸ்டரில் விழும்போது மின்னோட்டம் 13 மில்லி ஆம்பியரில் நின்றுவிடுகிறது. பழுப்பு, கறுப்பு, பழுப்பு என்று வரிசையாக மூன்று வளையங்கள் இருந்தால் அது 100 ஓம். எல்.இ.டி.யின் நீளமான கால் பாசிட்டிவ். கால்களை வெட்டிவிட்ட பிறகு பார்ப்பதானால், அடிவிளிம்பு தட்டையாக இருக்கும் பக்கம் நெகட்டிவ்.

செய்வது இவ்வளவுதான். எங்கே வைப்பது என்பதுதான் உண்மையான வேலை, அதைக் கண்டுபிடித்தவர் அப்புச்சியே. விளக்கை மேலிருந்து காட்டியபோது, "கண்ணு, வெளிச்சம் நல்லாத்தான் இருக்குது, ஆனா அச்சு பளபளன்னு கண்ணைக் கூசுதே" என்றார். பிறகு அதைக் கையில் வாங்கி, பாவுக்கு அடியில் கொண்டுபோய், கீழே கிடந்த ஒரு வெள்ளை அட்டையின் மேல் வெளிச்சம் விழும்படி பிடித்தார். அவ்வளவு நேரம் ஒரே இருளாகத் தெரிந்த கருநீல இழைகள் வெளுத்த அட்டைக்கு எதிரே கோடு போட்டதுபோல் தனித்தனியாகத் தெரிந்தன. நடுவே ஓர் இழை இல்லாத இடைவெளியும் தெரிந்தது. கறுத்த நூல் தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. ஆகவே நூலுக்கு வெளிச்சம் காட்டுவதைவிட, நூலின் பின்னால் இருப்பதற்கு வெளிச்சம் காட்டுவதே பயன் தருகிறது. ஐம்பது ஆண்டுகளாக நெய்கிறவரின் கண் அதை உடனே பிடித்துக்கொண்டது. எனக்கு இன்றைக்கும் அது வியப்பாகத்தான் இருக்கிறது.

எல்.இ.டி.யின் குமிழ்த் தலையை நைஸான உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிட்டால், ஒரே புள்ளியில் குவியும் வெளிச்சம் பரவலாகிவிடும். துணி காயப்போடும் கிளிப்பில் விளக்கைக் கட்டி, குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடா ஓடும் பாதைக்கும், அந்த நூலை நெருக்கப் பலகை வந்து அடிக்கும் இடத்துக்கும் விலகி, தறியின் அசையாத சட்டத்தில் மாட்டியிருக்கிறோம். ஒயரை இழுபடாதபடி டேப் போட்டு ஒட்டியாயிற்று. பஞ்சுத் தூசி பறக்கும் இடம் என்பதால் பற்றவைத்த இணைப்புகள் ஒவ்வொன்றின் மேலும் உறை போட்டிருக்கிறேன்.

கோபிசெட்டிபாளையம் உறுப்பினர்

நான் செய்தது கார்த்திகைத் தீபத்தன்று குழந்தைகள் கையில் பிடித்துக்கொண்டு போகும் காகிதக் கூண்டு விளக்கு. ரெசிஸ்டர் இல்லாமல் எல்.இ.டி.யை எரியவைக்க எளிய வழி பட்டன் செல் என்று பலரும் சொல்கிறார்கள். 3 வோல்ட் சி.ஆர்.2032 செல்லின் உள்தடையே மின்னோட்டத்தை அடக்கிவிடுவதால், அதன் இரு பக்கமும் எல்.இ.டி.யின் கால்களைச் செருகினால் போதும்; அது எரியும். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: சிவப்பையும் வெள்ளையையும் ஒரே செல்லில் ஒன்றாகச் செருகினால் சிவப்பு மட்டுமே எரியும். சிவப்புக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும் என்பதால் செல்லின் மின்னழுத்தம் அந்த அளவுக்கு இறங்கிவிட, 3 வோல்ட் கேட்கும் வெள்ளை எரிவதற்கு வழியில்லாமல் போகிறது.

இருந்தும் அந்தச் செல்லைக் குழந்தைகளின் விளக்கில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. குழந்தை அதை விழுங்கி அது தொண்டையில் சிக்கிக்கொண்டால், உள்ளே இருக்கும் ஈரத்தில் மின்சாரம் ஓடி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதனால் சென்னிமலை நண்பர் சொன்ன அதே மூன்று செல் பெட்டியையே, மூடிக்குத் திருகாணி உள்ளதாகப் பார்த்து வாங்கிப் பொருத்தினேன். விளக்கு கொஞ்சம் கனமாகிவிட்டது; குழந்தைகள் யாரும் அதைக் குறை சொல்லவில்லை.

பல்லடம் உறுப்பினர்

சார்ஜ் செய்யும் செல் போட நினைப்பவர்களுக்காக ஒரு செய்தி. அவை ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான், மூன்றும் சேர்ந்தால் 3.6 வோல்ட். எங்கள் விசைத்தறிக் கொட்டகையில் மின்சாரம் நின்றால் எடுக்க வைத்திருக்கும் விளக்கில் அவற்றைப் போட்டபோது, 100 ஓம் ரெசிஸ்டரோடு வெளிச்சம் மங்கலாகவே இருந்தது. ரெசிஸ்டரை 47 ஓமாக மாற்றியதும் சரியாயிற்று. ஆனால் அதே பெட்டியில் யாராவது புதிய 1.5 வோல்ட் செல்களைப் போட்டுவிட்டால் ஏறக்குறைய 28 மில்லி ஆம்பியர் ஓடி எல்.இ.டி. சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால் பெட்டியின் மூடிமேல் "சார்ஜ் செல் மட்டும்" என்று மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன்.